சீட்டுக்குக் கிடைத்த வீடு

மைசூரில் எங்கள் காலனியை இடிக்கப்போகிறார்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வந்தால் பேச்சு வரும், தேர்தல் போனால் பேச்சும் போய்விடும். அதனால் குடிசை மாற்று வாரியத்து ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு கதவில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டபோது நான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பெயின்டர். எண் போட்டவன் கையைப் பார்த்து, "பிரஷ்ஷைப் புடிக்கவே தெரியல பாரு இவனுக்கு" என்று சிரித்தார். சில நாளில் முனை வீட்டை ஜேசிபி வந்து தள்ளியது. அதற்குப் பிறகு காலனியில் யாரும் சிரிக்கவில்லை.

சங்கதி இதுதான். எங்கள் தகரக் கூரை வீடுகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாடிக் கட்டடம் கட்டி ஆளுக்கொரு வீடு தருவார்கள். கட்டி முடிக்கும் வரை நாங்கள் வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள வேண்டும். வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கொடுக்கும். எங்கள் கையில் அல்ல, வாடகை வீட்டுச் சொந்தக்காரர் கணக்கில். அதற்கு வாரியம் தந்த தாளில் அந்தச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் காலனியில் எல்லோரும் சீட்டு என்றோம். சொன்ன கெடுவுக்குள் கையெழுத்தோடு வராதவர்களுக்கு உதவியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சர்க்காரே வாடகை கொடுக்கிறதென்றால் எந்த வீட்டுக்காரன் வேண்டாம் என்பான்? அப்படித்தான் நினைத்தேன், புத்தி கெட்டுப்போய்.

எனக்கு அப்போது வீடு மட்டும் பிரச்சினை இல்லை. எங்களுக்கு ஒரே பெண். சாமராஜநகரில் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்து, தலைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டிய நேரம். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் சொந்த ஊரான ஹனூர்ப் பக்கத்தில் மாற்ற முடியாத வழக்கம். எந்தத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது? கதவில் சிவப்பு எண் போட்ட வீட்டுக்கா? வாரம் தவறாமல் சம்பந்தியம்மா போன் போடுவார்.

"ஏனுங் சம்பந்தி, வீடு ஆச்சுங்களா? ஆவலீன்னா உடுங்க, புள்ள இங்கயே இருக்கட்டும். எங்களுக்கென்ன பாரமா?"

அந்தப் 'பாரமா'வுக்குள் ஒரு ஊசி இருந்தது. நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள், ஊசி எங்கே இருக்கிறதென்று எனக்கா தெரியாது.

வீடு தேட ஆரம்பித்தோம். மைசூரில் வீடு தேடுகிறவர்களுக்கு முதல் கேள்வி, எத்தனை பேர். இரண்டாவது கேள்வி, கறி மீன் உண்டா. மூன்றாவதைக் கேட்க மாட்டார்கள். ஊர் எது, பெயர் என்ன என்று சுற்றி வளைத்து அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இந்த மூன்றையும் தாண்டிச் சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டுக் காபி கூடக் கொடுத்தார்கள். நான் பையிலிருந்து சீட்டை எடுப்பேன். வாரியத்து முத்திரையைப் பார்த்ததும் முகம் மாறும். ஒருவர் வருமான வரிக்காரன் வருவான் என்றார். ஒருவர், சர்க்கார் ஆட்களைக் குடி வைத்தால் பிறகு காலி செய்ய வைக்க முடியாது என்றார், ஏதோ நான் கலெக்டர் மாதிரி. இன்னொருவர் லீஸுக்கு மட்டும்தான், மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருடம் இருந்துகொள் என்றார். மொத்தமாகக் கொடுக்க இருந்தால் நான் ஏனய்யா உன் வாசலில் நிற்கிறேன்? மனதுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

அலைந்துகொண்டிருக்கும்போதே ஆஷாடம் பிறந்தது. சாமுண்டி மலைக்குப் போகும் பஸ்ஸெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பிதுங்கியது. கன்னடக்காரர்கள் ஆஷாடத்தில் வீடு கொடுக்க மாட்டார்கள். அவர்கள் ஆஷாடம் முடிவதற்குள் நமக்கு ஆடி பிறந்துவிடும். ஆடியில் நாம் பால் காய்ச்ச மாட்டோம். அவர்கள் கொடுக்கிற நாளில் நாம் போகக்கூடாது, நாம் போகிற நாளில் அவர்கள் கொடுக்க மாட்டார்கள். வாரியத்துக்காரனுக்கு இரண்டு பஞ்சாங்கமும் கிடையாது. ஜேசிபி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரி ஒருவர் மூலம் அந்த வீடு வந்தது. ரிங் ரோட்டுக்கு உள்ளே, அமைதியான தெரு. தனி வீடு. முன்னால் சின்ன கேட், செம்பருத்திச் செடி, இரண்டு அறை, பின்னால் துவைக்கிற கல். எங்கள் தகுதிக்கு மேலான வீடு. வீட்டுக்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். என் வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. மூன்று தலைமுறையாக மைசூர். பேசியது தமிழ்தான், ஆனால் பாதிக்குப் பாதி கன்னடம்.

"நீங்க போய் நோடிட்டு வாங்க. எனக்கு மண்டி நோவு, படி ஏற ஆகல்ல" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு படி.

சீட்டை எடுத்தேன். அந்தம்மா படித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டார். நான் கறி மீன் சமைப்போம் என்று நானே சொன்னேன். பரவாயில்லை என்றார். மகள் பிரசவத்துக்கு வருவாள், குழந்தை அழும், தீட்டு இருக்கும் என்றேன். அப்போது மட்டும் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எஷ்டு மாசம்?"

"எட்டுங்க்கா. தலைப் பிரசவம்."

"ஆகட்டும். பரட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆஷாடமாச்சுங்களே, இப்பவே வரலாமுங்களா?"

"யாவாக பேக்காதரு பன்னி. எப்போ வேணா வாங்க. நமக்கு அதெல்லா ஏனு இல்ல."

நான் என்ன நினைத்தேன் என்றால், அந்தம்மா தமிழ்க்காரி, நம்மைப் போல ஆடியைத்தான் பார்ப்பார், ஆஷாடம் அவருக்குக் கணக்கில்லை என்று. தமிழ் பேசினால் போதும், எல்லாம் நம் வழக்கம் என்று நினைத்துக்கொள்கிற புத்தி எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் நிறைய உண்டு. வெளியே வந்ததும் சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது வீட்டுக்காரர் பின்னறைச் சுவரை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்னுங்க அது?"

"புதுப் பூச்சு. ஜன்னல் இருந்து அடைச்சிருப்பாங்க" என்றார்.

ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட்டோம். பால் நன்றாகவே பொங்கியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை போட்டு டம்ளர் டம்ளராக ஊற்றி அக்கம்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். எதிர் வீட்டம்மா இன்றைக்கு உபவாசம் என்றார். பக்கத்து வீட்டம்மா சுகர் என்றார். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஒரே நாளில் உபவாசம், நல்ல கூத்து என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்து, அவ்வளவு பாலையும் நாங்கள் இருவருமே குடித்தோம்.

காலனி ஆட்கள் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் இந்த ஒதுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கம். அதற்கான முறைப்பு என் முகத்திலேயே எப்போதும் தயாராக இருக்கும். கேட்டில் 'ரவிக்கை தைத்துத் தரப்படும்' என்று கன்னடத்தில் எழுதி மாட்டினேன். மெஷினை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். தெருவில் போகிற பெண்கள் பலகையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், நடையை எட்டிப் போடுவார்கள். பூக்காரி மட்டும் நிற்பாள். அவளும் பூவைக் கையில் தர மாட்டாள், கேட்டுக் கம்பியில் தொங்கவிட்டுப் போவாள்.

மகளை ஆடிக்கு முன்பே அழைத்து வந்துவிட்டோம். சம்பந்தியம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, வாயடைத்துப் போனார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எவ்வளவு நடந்திருக்கிறேன்! மகள் பின்னறையை எடுத்துக்கொண்டாள். கட்டிலைப் புதுப் பூச்சுச் சுவரோரம் போட்டோம்.

"இந்த கோடே பக்கம் ஜில்லுனு இருக்கும்மா. சக்கத்தா தூக்கம் வருது" என்று சுவரைத் தட்டிக் காட்டுவாள். அவளுக்குத் தமிழில் பாதி கன்னடம் வரும், மைசூரிலேயே வளர்ந்தவள்.

அவள் சொன்னது சரிதான், அந்த இடம் எப்போதும் குளிர்ந்தே இருந்தது. வீட்டுக்காரர் அதற்கு இரண்டு கோட்டு அடித்தார். காய்ந்ததும் பழுப்பாக அடியிலிருந்து தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஜன்னல் அளவு இல்லை. கீழே தரையிலிருந்தே ஆரம்பித்து, ஒரு ஆள் குனிந்து போகிற உயரத்துக்கு இருந்தது. மூன்றாவது கோட்டும் அடித்தார். அவர் எதையும் மூன்று கோட்டு அடிக்கிறவர் இல்லை.

மாதம் பிறந்தால் வீட்டுக்காரம்மா போன் செய்வார். வாரியத்துப் பணம் வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பணம் முதல் மாதமே வரவில்லை. காலனியில் எங்களோடு இருந்தவர்களை அந்தந்த வீட்டுக்காரர்கள் சீட்டையும் மூட்டையையும் சேர்த்துத் தெருவில் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் இருந்துவிட்டு ஊருக்கே போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரம்மா மட்டும், "எல்லாரும் சௌக்யமா?" என்று கேட்பார்.

"சௌக்யமுங்க்கா."

"யாருக்கும் ஏனு ஆகல்ல அல்லவா? ஜுரம், கிரம்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்."

"ஓ" என்பார். பிறகு வைத்துவிடுவார்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு வீட்டுக்காரியா என்று நான் உருகிப்போனேன். மாரியம்மனுக்கு விளக்குப் போட்டபோது அந்தம்மா பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆஷாடம் முடிந்து வரமகாலட்சுமி விரதம் நெருங்கியது. அந்தச் சமயத்தில் மைசூரில் ரவிக்கை தைக்க ஆள் கிடைக்காது. தையல்காரர்கள் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி பட்டுத் துணியை மடியில் மறைத்துக்கொண்டு கேட்டருகே வந்து நின்றாள். இந்தத் தெருவில் எனக்கு வந்த முதல் கிராக்கி. உள்ளே வா என்றேன். வரவில்லை. கேட்டிலேயே அளவெடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு தயங்கித் தயங்கிக் கன்னடத்தில் கேட்டாள், இதை வேறு யார் வீட்டிலாவது வைத்துத் தைத்துத் தர முடியுமா என்று. பூஜைக்குக் கட்டுகிற துணி, இந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன், எங்க வீடு என்ன கடிக்குமா? நாங்க தொட்டாத் துணி பொசுங்கிப் போயிருமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "ஐயோ, உங்களச் சொல்லல்லக்கா. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்றாள்.

அவள் சொன்னதை நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வீட்டுக்காரம்மாவின் புருஷன் அந்தப் பின்னறையில்தான் செத்திருக்கிறார். நாங்கள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. நல்ல திடமான ஆள், நின்றுகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். செத்த நேரம் அவிட்டம், சாவுக்கு ஆகாத நட்சத்திரம். வாசல் வழியாக எடுக்கக்கூடாது என்று பின்னறைச் சுவரை இடித்து அதன் வழியாகத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊரில் அவிட்டத்தில் செத்தால் அந்த ஒரு அறையை மட்டும் ஆறு மாதம் அடைத்து வைப்போம். விளக்கேற்றி வைத்து, மற்ற அறைகளில் இருந்துகொள்வோம். பூட்டிய அறை இருந்தால் எனக்குப் பார்த்த உடனே புரிந்திருக்கும். இந்த ஊரில் அறையை அடைப்பதில்லை. வீட்டையே விட்டுவிட்டு ஆறு மாதம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தம்மா தமிழ் பேசினார், சாவுக்கு மட்டும் இந்த ஊர் வழக்கத்தைப் பார்த்தார். நான் தமிழை மட்டும் பார்த்தேன்.

"காலியா வெச்சிருந்தா சரி. ஆளை ஏன் குடி வெச்சாங்க?" என்று கேட்டேன்.

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "அந்த நட்சத்திரத்துல போனவங்க தனியாப் போக மாட்டாங்களாம்க்கா. அந்த மனையிலருந்து இன்னொரு ஜீவனைக் கூப்புடுவாங்களாம். அவங்களுக்கு ஒரே மகன். யாராவது ஒருத்தர் போயிட்டா அப்பறம் அடங்கிரும்னு யாரோ சொல்லியிருக்காங்க."

எல்லாரும் சௌக்யமா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா? ஓ.

அந்தம்மா போன் போட்டு எதை விசாரித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. எட்டு மாதம் என்று நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாரே, அந்தப் பார்வையும் புரிந்தது. துணியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். மகள் பின்னறையில் அந்தச் சுவரை ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் துவைக்கிற கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். கையிலிருந்த பெயின்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

"செவுத்தைத் தொட்ட அன்னிக்கே தெரியும்."

"அட பாவி மனுசா! ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா? வேற வூடு வெச்சிருந்தியா நீயி?" என்றார். "கெடுவுக்கு ரண்டு நாள் இருந்துது புள்ள. சம்பந்தி வேற போன் மேல போன். நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. உள்ளே போய்க் கட்டிலை முன்னறைக்கு இழுத்தோம். மகள் ஏன் என்று கேட்டாள். பின்னறையில் பல்லி என்றேன். பல்லிக்கா கட்டிலை மாற்றுவார்கள் என்று சிரித்தாள்.

மறுநாளே காலி செய்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். எங்கே போவது? காலனி இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். செங்கல்லும் தகரமும் குவியலாகக் கிடந்தன, அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. வாரிய ஆபீஸுக்குப் போனேன். வீடு மாற்றினால் புதுச் சீட்டு எழுத வேண்டும், புதுச் சீட்டுக்கு மேலிடத்தில் அனுமதி வர வேண்டும் என்றார் அங்கிருந்தவர். எதற்கு மாற்றுகிறாய், வீடு ஒழுகுகிறதா என்று கேட்டார். என்ன சொல்வது? வீட்டில் சாவு எங்களுக்காகக் காத்திருக்கிறது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால், பகலில் இல்லை என்பேன். பகலில் மெஷின் ஓட்டிக்கொண்டே நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் மகள் குளியலறைக்குப் போனால் கதவருகே நிற்பேன். வீட்டுக்காரர் ஏணியில் ஏறுகிற வேலை என்று போனால் மத்தியானம் போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். முப்பது வருடத்தில் அப்படிக் கேட்டதே இல்லை. அவரும் புரிந்துகொண்டு, "இருக்கறேன், இருக்கறேன்" என்பார்.

ஆடி கழிந்து மகளுக்கு வலி கண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காலையில் உள்ளே போனவள் மத்தியானம் ஆகியும் வரவில்லை. டாக்டரம்மாக்கள் வேகமாகப் போனார்கள், வந்தார்கள். குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மருமகன் கையெழுத்துப் போட்டான். நான் நடையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மடியில் போன் அடித்தது. வீட்டுக்காரம்மா. மாதம் பிறந்திருந்தது.

எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"எல்லாரும் சௌக்யமா?"

நடையின் அந்தக் கோடியில் ஆபரேஷன் அறையின் கதவு மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "சௌக்யமுங்க்கா" என்றேன். "எல்லாரும் சௌக்யம். எல்லாரும்."

"ஆஸ்பத்திரி சத்தம் கேக்குதே?"

அந்தப் பக்கம் அந்தம்மா மூச்சுவிடுவது கேட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் காத்திருக்கிற மூச்சு அது, என்னுடையதும் அதேதான். போனை அணைத்தேன். வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

பேத்தி பிறந்தாள். நீலம் பாரித்துப் பிறந்து, கொஞ்சம் பொறுத்து அழுதாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸம்மா வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

அந்த வீட்டுக்கே திரும்பி வந்தோம். ஆரத்தி எடுத்து, அதே ஒற்றைப் படி ஏறி, முன்னறையில் தொட்டில் கட்டினோம்.

ஆறு மாதம் முடிந்ததும் வீட்டுக்காரம்மா நேரில் வந்தார். கேட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றார். வீட்டைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குள் எல்லாக் கெட்ட வார்த்தையும் வரிசையாக நின்றன. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றேன், பார்க்கட்டும் என்று.

குழந்தையைப் பார்த்தார். சிரிக்க வந்து, சிரிக்காமல் நின்றுவிட்டார்.

"யாருக்கும் ஏனு ஆகல்லயா?" என்றார்.

"என்ன ஆவோணும்னு எதிர்பாத்தீங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க. தெரு கேக்கட்டும்."

கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. "எனக்கு ஒப்பனே மகம்மா" என்றார்.

"எனக்கும் ஒரே மகதானுங்க."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தை கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி அந்தம்மாவின் வளையல் இல்லாத மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தது. அந்தம்மா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், மகன் இந்த வீட்டுக்கு வருகிறேன் என்கிறான், எனக்குத்தான் தைரியம் வரவில்லை, ஒன்றும் ஆகாமல் நாங்கள் எப்படி உள்ளே வருவது, இன்னும் கொஞ்ச நாள் நீங்களே இருங்கள்.

கேட்டதும் அவர் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். அதுதான் என் சுபாவம். நான் உள்ளே போனேன். வாரியத்துச் சீட்டு அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க அந்தம்மா கையெழுத்து வேண்டும். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அந்தம்மா கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே தாளை நீட்டினார். வாங்கும்போது நான்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காலனியில் இப்போதுதான் தூண் எழும்பியிருக்கிறது. மகள் சாமராஜநகர் போய்விட்டாள்; மாதத்தில் சில நாள் குழந்தையோடு வருவாள். நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். பின்னறையில் யாரும் படுப்பதில்லை, தைக்க வந்த துணி மூட்டைகள் கிடக்கின்றன. சுவரில் பழுப்பு இன்னும் தெரிகிறது. வீட்டுக்காரர் கோட்டு அடிப்பதை விட்டுவிட்டார்.

மாதம் பிறந்தால் போன் அடிக்கும். நான் உடனே எடுப்பதில்லை. முதலில் முன்னறையை எட்டிப் பார்ப்பேன், பிறகு கொல்லையை. மகள் வந்திருந்தால் தொட்டிலில் கைவைத்துப் பார்ப்பேன். எல்லாத் தலையையும் எண்ணி முடித்த பிறகுதான் போனை எடுத்து, "சௌக்யமுங்க்கா" என்று சொல்கிறேன்.